அம்பாசடர் டைமிங்: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில். டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம்; அந்தப் பொறியை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புவதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். இசுசு இன்ஜின் வண்டிக்காரர்கள் இதைப் பார்த்து ஸ்பேனரைத் தூக்க வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து: அண்ணே, சுத்தம் பண்ண டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டினேன். செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல. கார்பரேட்டர் வழியா டப்பு டப்புனு வெடிக்குது. 180 டிகிரி மாறிப்போச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறி உட்காராது தம்பி. அடியில் இருக்கிற நாக்கு நட்ட நடுவில் இல்லை, கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். டிரைவ் தண்டின் காடியும் அப்படித்தான். ஒரே ஒரு வாக்கில்தான் இறங்கும். அந்தத் தண்டை நீங்கள் தொடவில்லை என்றால் மாறியது பிளக் வயர்தான்.

ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் 1-ம் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வை. ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொல். காற்று விரலைத் தள்ளும்போது கிராங்க் புல்லியின் காடி டைமிங் குறிக்கு வருகிறதா என்று பார். குறி மட்டும் சேர்ந்தால் போதாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் ஒரு சுற்று வரும், ஆகவே அந்தக் குறி எக்ஸாஸ்ட் முடிவிலும் ஒருமுறை சேரும். அங்கே ஸ்பார்க் விழுந்தால், திறக்கத் தொடங்கிய இன்லெட் வால்வு வழியாக நெருப்பு கார்பரேட்டருக்குப் போகும். உன் வண்டியில் கேட்கிற டப்பு அதுதான்.

சரியான டாப்பில், அதாவது காற்றை அழுத்திப் பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில், ரோட்டர் எந்த முனையைக் காட்டுகிறதோ அதில் 1-ம் வயர். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 3, 4, 2. முடிந்தது.

நாமக்கல்லிலிருந்து: தண்டையே வெளியே எடுத்துட்டோம் சார். எப்படி இறக்குவது?

1-ம் சிலிண்டரின் கம்ப்ரெஷன் டாப்பில் இன்ஜினை நிறுத்துங்கள். தண்டின் தலையில் மரை இருக்கும், அதில் 5/16 யுஎன்எஃப் போல்ட்டை முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். காடி கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, பெரிய பாதி மேலே இருக்கும்படி இறக்குங்கள். கேம்ஷாஃப்ட் பல்லில் விழும்போது தண்டு தானாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திரும்பி, காடி கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு, மூன்று மணியில் நின்றால் தூக்கி மறுபடி இறக்குங்கள். எனக்கே முதல் தடவை நாலு முறை ஆனது.

மதுரையிலிருந்து: டைமிங் வச்சு ஒரு வாரத்துல பிக்கப் போயிடுது. தினமும் திருப்பிக்கிட்டே இருக்கேன்.

திருப்புவதை நிறுத்துங்கள், முதலில் பாயிண்ட் கேப்பைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடர்பு முனைதான் பாயிண்ட், அது திறக்கும்போதுதான் பொறி விழும்; கேப் என்பது அதன் இடைவெளி. ஃபீலர் கேஜில் 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35-0.40 மி.மீ. பாயிண்டின் நாக்குக் கட்டை தேய்ந்தால் கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் தானாகப் பின்னுக்குப் போகும். பாயிண்டைத் தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் ஒரு துளி கிரீஸ்கூட இல்லாமல் புது பாயிண்ட் போட்டால் வாரம் என்ன, அதற்கு முன்பே தேயும். கேப் வைக்காமல் டைமிங் வைப்பது சாயும் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி.

கேப் முடிந்ததும் 12 வோல்ட் பல்பு ஒன்று எடுங்கள். ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையில், மற்றது பாடி எர்த்தில். இன்ஜினை ஓடும் திசையிலேயே சுற்றிக் குறியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நிறையப் பின்னுக்குப் போய் மறுபடி வாருங்கள், இல்லையென்றால் செயின் தளர்வு ஏமாற்றும். சாவி போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் பக்கம் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் இம்மி இம்மியாகத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே நகரும், ஆகவே இறுக்கியபின் இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

கோவையிலிருந்து: டைமிங் லைட் வைத்து ஐடிலில் பார்க்கும்போது வேக்குவம் குழாயைக் கழற்றணுமா?

ஆமாம். கழற்றி, கார்பரேட்டர் பக்க வாயை அடைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றினால் குறி முன்னோக்கி நகர வேண்டும். பெட்ரோல் எரியும் நேரம் வேகத்தோடு அதே அளவில் குறையாது. 1000 சுற்றில் ஒரு மில்லி செகண்டுக்கு 6 டிகிரி திரும்பும் கிராங்க், 3000-ல் 18 டிகிரி திரும்பிவிடும். அதற்கு ஈடாகப் பொறியை முன்கூட்டியே விழவைக்கத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளும் ஸ்பிரிங்கும். குறி அசையாவிட்டால் எடை துருவில் ஒட்டியிருக்கும். கழற்றிய குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், உள்தட்டு அசைய வேண்டும்.

சேலத்திலிருந்து: புத்தகத்தில் உள்ள டிகிரியில் வைத்தும் ஏற்காடு ஏற்றத்தில் இன்ஜின் தட்டுதுங்க ஐயா.

புத்தகம் அச்சான காலத்துப் பெட்ரோல் வேறு. அந்த எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் பக்கம் ஒரு டிகிரி நகர்த்துங்கள், கிராங்கில் அது இரண்டு டிகிரி. அதற்கும் அடங்காவிட்டால் சிலிண்டர் தலையில் கரி சேர்ந்திருக்கும். மேலும் மேலும் பின்னுக்குத் தள்ளினால் தட்டல் போகும், ரேடியேட்டர் கொதிக்கும்.

மறுபடி காரைக்குடி: ஸ்டார்ட் ஆயிடுச்சு அண்ணே! ஆனா மழையில மிஸ்ஸிங்.

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார். வயர் மேலே நீலப் பொறி ஓடினால் வயரை மாற்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் முடி மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் மூடியை மாற்று. கையை மட்டும் எதிலும் வைத்துவிடாதே.