நள்ளிரவு வாடகைக்குப் போன தம்பி உடந்தையா?

கேள்வி: என் தம்பி சேலத்தில் குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டுகிறான். தெரிந்த ஒருவர் கூப்பிட்டாரென்று இரவு 1 மணிக்கு ஏற்காடு போய், ஓர் எஸ்டேட் கிடங்கிலிருந்து ஆறு மூட்டை மிளகு ஏற்றி வந்து லீ பஜாரில் இறக்கியிருக்கிறான். திருட்டுச் சரக்கு என்று வண்டியைப் பிடித்துவிட்டார்கள். தம்பிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டுமா? (வாசகி, ஆத்தூர்)

பதில்: வேண்டாம்மா. குற்றவாளியென்று தெரிந்தும் தண்டனையிலிருந்து தப்பிக்க ஒருவருக்கு இடம் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 249 உங்கள் மேலேயே பாயும். அதில் விலக்கு கணவன், மனைவிக்கு மட்டும்தான். அக்கா தம்பிக்குக் கிடையாது. அவன் போன் வாட்ஸ்அப்பை அழித்துக் கொடுப்பதும் கூடாது. அது தடயத்தை மறைத்த குற்றம், பிரிவு 238.

இனி தம்பி விஷயம். வண்டி ஓட்டியதாலேயே ஒருவர் உடந்தை ஆகிவிட மாட்டார். பிரிவு 45 கேட்பது, தெரிந்தே, குற்றம் நடப்பதற்கு முன்போ நடக்கும்போதோ செய்த உதவி. பூட்டை உடைப்பதைப் பார்த்துக்கொண்டே மூட்டை ஏற்றியிருந்தால் பிரிவு 49-ன்படி திருடியவருக்கு உள்ள தண்டனையே இவருக்கும். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை. கிடங்கில் திருடினால் 7. இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து திருடினால் 14 வரை போகும். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள், ஜாமீன் பேச்சே அதை வைத்துத்தான். ஏற்றும்போது தெரியாது, மலை இறங்கும்போதுதான் தெரிந்தது, ஆனாலும் கொண்டுபோய் இறக்கினான் என்றால் அது திருட்டுச் சரக்கை அப்புறப்படுத்த உதவிய குற்றம், பிரிவு 317(5), 3 ஆண்டு வரை. கடைசிவரை தெரியவே இல்லையென்றால் குற்றமே இல்லை.

ஆனால் “எனக்குத் தெரியாது சார்” என்ற ஒரு வரி நிற்காது. 317(5)-க்கு, திருட்டுச் சரக்கென்று நம்பக் காரணம் இருந்தாலே போதும். வழக்கமான வாடகையா, இரட்டிப்பா? பில் இருந்ததா? காவலாளி இருந்தாரா? அடிவாரம் செக்போஸ்ட் வழியாக வந்தானா, அதைத் தவிர்க்கக் குப்பனூர் பாதையைப் பிடித்தானா? அந்த நேரத்தில் எத்தனை போன் பேச்சு? விசாரணை இதைச் சுற்றியே போகும். வாடகை ஜிபேயில் வந்திருந்தால் நல்லது. ஒளித்துச் செய்பவர் கணக்கில் வாங்கமாட்டார் என்று வாதாட இடமுண்டு.

நோட்டீஸ் எந்தப் பிரிவில் வந்தது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றால் சந்தேக நபராக. சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைக்கும்வரை, காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. பயமிருந்தால் போவதற்கு முன்பே சேலம் அமர்வு நீதிமன்றத்தில் 482-ன்கீழ் முன்ஜாமீன் மனு போடுங்கள். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் அவன் சொன்னதை வைத்து போலீஸ் மூட்டையைக் கண்டெடுத்தால், அந்த அளவுக்கு ஏற்கப்படும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயவேண்டியதில்லை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகலோடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ன்கீழ் மனு போடலாம். விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்காலமாகத் தருவார்கள்.