ஆகஸ்ட் குளிரும் பிக்கரலும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். சில வருடங்களாக அப்பாவுடன் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளுக்கு வால்ஐ மீன், இங்கத்தைய ஆட்களின் பேச்சில் பிக்கரல், பிடிக்கப் போய்வருகிறேன். பதினாறடி அலுமினியப் படகு, பின்னால் சிறிய மோட்டார். இந்த முறை ஆகஸ்ட் கடைசியில் இரவுக் குளிர் 8 பாகை செல்சியசுக்கு இறங்கிவிட்டது. மீன்தேடும் கருவியான சோனாரில் மேல்தண்ணீர் 18 பாகை காட்டியது. வழக்கமாக இந்த நாட்களில் 23, 24 இருக்கும். இலையுதிர்காலம் முந்திவிட்டது என்று நினைத்து, மண்புழுவையும் அட்டையையும் விட்டுவிட்டு, மின்னோ என்ற சிறு இரைமீன், கனத்த ஜிக் (ஈயத்தலை முள்), ஐந்து அங்குல பிளாஸ்டிக் மீன் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனோம். 38 அடியில் நாள் முழுக்க ஒரு கடி இல்லை. மறுநாள் 28 அடியில் இரண்டு பெரியது வந்தது. இரண்டும் 50 சென்ரிமீற்றருக்கு மேல் என்பதால் விட்டுவிட்டோம். ஒன்று வயிறு மேலாக மிதந்துகொண்டே போனது. அப்பா குளிரில் நடுங்கியதால் மத்தியானமே திரும்பிவிட்டோம்.

இப்படிக் குளிர்ந்த கோடை முடிவில் ஜிக்கின் நிறத்தை மாற்ற வேண்டுமா? பௌர்ணமியும் கீழ்க்காற்றும் பார்க்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? காலநிலை மாற்றத்தால்தான் இப்படி நடக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘18 பாகை’ பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை நம்பி இந்த ஆகஸ்டில் ஏமாந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பௌர்ணமியை விடுங்கள். கீழ்க்காற்றோடு பெரும்பாலும் மூட்டமும் மழையும் வரும், மூட்டத்தில் பிக்கரல் நன்றாகவே இரை எடுக்கும், ஆகவே அந்தப் பயமும் வேண்டாம். ஒரு ஆகஸ்டை வைத்துக் காலநிலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992 கோடை வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் குளிர்ந்தே போனது. 2004 ஆகஸ்ட் மினசோட்டாவில் அப்படித்தான் இருந்தது. இடைக்கிடை இப்படி வரும். நிறத்துக்கு இரண்டு ஜிக் போதும்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கலுக்கு மஞ்சட்பச்சை. இனி நிறத்துக்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இப்போது அந்த 18 பாகை. சோனாரின் உணரி படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் ஒரு சாண்கூட இறங்காமல் இருக்கிறது. முதல்நாள் இரவு காற்று என்ன செய்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. கீழே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கோடையில் கொஞ்சம் ஆழமான ஏரி எதுவும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கும். மேலே சூடேறிய, காற்றில் கலங்கிய தண்ணீர். கீழே வசந்தத்திலிருந்தே அசையாமல் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர். நடுவில் சில அடிக்குள் வெப்பம் மளமளவென்று விழும் ஒரு படலம், தெர்மோகிளைன். இரவுக் குளிரில் மேல்தண்ணீர் கனத்து இறங்கும், ஆனால் தன் எடைக்கு நிகரான தண்ணீரைச் சந்திக்கும்வரைதான் இறங்கும். ஆகவே குளிர்ந்த ஆகஸ்டில் மேல்தட்டு தடிக்கிறது, படலம் இன்னும் கீழே தள்ளப்படுகிறது. அவ்வளவுதான். ஏரி புரண்டுவிடவில்லை. மேல்தண்ணீர் கீழ்த்தண்ணீரின் வெப்பத்துக்குக் கிட்ட வரும்போதுதான் முழு ஏரியும் புரளும். அது பெரும்பாலும் 12, 13 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு, ஒக்டோபரில் நடக்கிற காரியம். அதுவரை படலத்துக்குக் கீழே ஒட்சிசன் வரவழி இல்லை. அடியில் அழுகும் செடியும் சேறும் இருந்ததையும் தின்று தீர்த்திருக்கும். நீங்கள் நாள் முழுக்கக் காத்திருந்த 38 அடி, அநேகமாக மூச்சுவிட முடியாத தண்ணீர்.

ஜாக்கெட் போடவேண்டிய குளிர் வந்துவிட்டது என்பதற்காக மீன் செப்டம்பர் கடைசிக்குப் போய்விடாது. பகல் இன்னும் ஆகஸ்ட் பகலின் நீளம்தான். செடி இன்னும் பச்சை. பிக்கரலுக்கு இரையாகும் பேர்ச் மீன்குஞ்சுகள் இன்னும் செடிக்குள்தான்.

சரியாகச் சொன்னால், குளிர் உங்களுக்குச் சாதகமாகத்தான் வேலை செய்திருக்கிறது. 18 முதல் 23 பாகைவரை பிக்கரலுக்குச் சுகமான தண்ணீர். மேலே 26 பாகை கொதிக்கும் வருடத்தில் பெரிய மீன்கள் பகலில் படலத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு குறுகிய ஆழத்தில் நிற்கும். இந்த வருடம் மேலிருந்து படலம்வரை எல்லா ஆழமும் அதற்கு ஒத்துவருகிறது. வெப்பம் மீனைக் கட்டிவைக்கவில்லை. இரையும் வெளிச்சமும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இரை 8 அடி முதல் 15 அடிவரை செடி விளிம்பில் இருக்கும்போது நீங்கள் இரண்டு நாளும் அதைக் கடந்து ஆழத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

ஆகவே மேல்தண்ணீர் எண்ணை மறந்துவிட்டுக் கீழே அளந்து பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் சோனாருக்குக் கொடுப்பவர்கள் பத்து டொலர் வெப்பமானியை வாங்குவதில்லை. சிவப்பு அல்கஹோல் ஏறும் சாதாரண கண்ணாடி வெப்பமானி போதும். அதன் குமிழை மெழுகுதிரி மெழுகில் அரைவிரல் தடிப்புக்குப் பொதிந்துவிடுங்கள். மெழுகு வெப்பத்தை மெதுவாகத்தான் விடும், அதனால் மேலே இழுத்துப் படிக்கும்வரை எண் மாறாது. மெழுகு இல்லாமல் இறக்கினால் மேல்தண்ணீரைக் கடந்து வரும்போதே எண் ஏறி, எல்லா ஆழமும் 18 என்றே காட்டும். பலர் ‘நான் அளந்து பார்த்தேன், வித்தியாசமே இல்லை’ என்று சொல்வது இதனால்தான்.

கயிற்றில் மூன்று அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் அரைக்கிலோ ஈயம். நங்கூரம் போட்டு நில்லுங்கள். படகு நகர்ந்தால் கயிறு சாயும், 30 அடி என்று நினைப்பது 22 அடியாக இருக்கும். ஒவ்வோர் ஆழத்திலும் ஏழு நிமிடம் விடுங்கள். எல்லா முடிச்சையும் அளக்கத் தேவையில்லை. முதலில் 6, 15, 21, 27, 33 அடி. உதாரணத்துக்கு 6, 15, 21 அடிகளில் 18 பாகையும், 27-இல் 15-உம், 33-இல் 11-உம் வந்தால், 24 அடியிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு முடிச்சுக்கு ஒரு பாகைக்கு மேல் விழத் தொடங்குகிற இடம்தான் படலத்தின் மேல்விளிம்பு, அதுவே உங்கள் ஏரியின் தரை என்று வையுங்கள். அதற்குக் கீழே தூண்டில் போட வேண்டாம். பிறகு சோனாரின் கெயினை, அதாவது உணர்திறனை, உயர்த்துங்கள். அதே ஆழத்தில் மங்கலான ஒரு பட்டை கிடையாக ஓடினால் அளவு சரி, அன்றைக்கு மீதி இடங்களில் அந்தப் பட்டையைப் பார்த்தே போகலாம். மொத்தம் முக்கால் மணித்தியாலம். இரண்டு நாளை இழந்தவருக்கு அது பெரிய நேரம் இல்லை.

இதை ஒரே இடத்தில் அளந்தும் நிறுத்த வேண்டாம். இரண்டு நாள் வடமேல் காற்று விடாமல் அடித்தால் மேல்தண்ணீர் முழுக்கத் தென்கீழ்க் கரைக்குத் தள்ளப்படும். வடமேல் கரையில் கீழ்த்தண்ணீர் மேலெழும். ஒரே ஏரியில் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் படலத்தின் ஆழம் பல அடி வித்தியாசப்படும். காற்று போய் மோதுகிற கரையிலேயே தொடங்குங்கள். அலையில் வெளிச்சம் உடையும், கரைமண் கலங்கும், பிக்கரலின் கண்ணுக்கு அது வாய்ப்பு. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படை இருக்கிறது. மங்கலில் பேர்ச்சைவிட அது நன்றாகப் பார்க்கும். குளிர்ந்த கோடையில் பாசி குறைந்து தண்ணீர் தெளிந்திருக்கும். எனவே நடுப்பகல் வெயிலைவிட, மூட்டம், அலை, அந்தி இவற்றின் மதிப்பு இந்த வருடம் இன்னும் கூடுதல்.

இனிச் செடி விளிம்பு. ஜிக்கில் சிக்கி வரும் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையாக, முறித்தால் சடக்கென்று உடைந்தால் அங்கே நில்லுங்கள். பழுப்பாக, வழுவழுத்து வந்தால் அந்தச் செடி ஒட்சிசனைக் கொடுக்கவில்லை, தின்கிறது. இடம் மாறுங்கள். விளிம்பில் 1/8 அவுன்ஸ் ஜிக் போதும், கனத்தது செடிக்குள் புதைந்துபோகும். ஐந்து அங்குல மீனைப் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த கோடையில் பேர்ச் குஞ்சு மெதுவாகத்தான் வளரும், ஏரியில் ஓடும் இரையே சிறியது. இரண்டு, இரண்டரை அங்குலத்துக்கு இறங்குங்கள்.

அட்டையை விட்டுவிட்டுப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டை உருண்டு சுருண்டு பயனில்லாமல் போவது 10 பாகையை ஒட்டிய தண்ணீரில். 18-இல் அது அழகாக நெளிந்து நீந்தும். ஏரிக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கி, ரசீதைக் கையில் வைத்திருங்கள். ஒன்ராறியோவில் 2022 முதல் இரைமீனையும் அட்டையையும் ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

செடி விளிம்புக்கு வெளியே, படலத்துக்கு மேலே, மண்புழு கோத்த ஸ்பின்னர், அதாவது சுழலும் தகடு கட்டிய தூண்டில், இழுக்கலாம். ஐந்தடித் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), நாலாம் இலக்க முள் இரண்டு, நூலில் கோத்த சிறு மணிகள் ஐந்தாறு, அதன் முன்னால் தகடு. 12 அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ் பொட்டம் பவுன்சர் (அடித்தரையைத் தட்டியபடி போகும் கம்பி ஈயம்), 20 அடியைத் தாண்டினால் இரண்டு அவுன்ஸ். தங்கூசி படகிலிருந்து 45 பாகைச் சாய்வில் போக வேண்டும். அதைவிடப் பின்னால் போனால் பவுன்சர் படுத்துவிடும், தகடு சேற்றில் இழுபடும். வழக்கமான கோடை வேகம் மணிக்கு 2 கிலோமீற்றர். குளிர்காற்றுத் திரள் கடந்த மறுநாள், வானம் துடைத்ததுபோல் நீலமாக இருக்கும்போது, 1.3-க்குக் குறையுங்கள். அந்த வேகத்தில் நீளத் தகடு சுழலாது. வட்டமான கொலராடோ தகடு, மூன்று அல்லது நாலாம் இலக்கம், சுழலும். படகோரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். புழு வளைந்து கோக்கப்பட்டிருந்தால் தகட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும், பத்து நிமிடத்தில் தங்கூசி முறுக்கேறிவிடும். இரண்டாவது முள்ளைச் சற்றுப் பின்னால் தள்ளிப் புழுவை நேராக்குங்கள்.

இப்போது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம். ‘ஒன்று வயிறு மேலாக மிதந்துகொண்டே போனது.’ தம்பி, அது விட்ட மீன் இல்லை, கொன்ற மீன். பிக்கரலின் காற்றுப்பைக்கு வெளிவழி கிடையாது. 28, 30 அடியிலிருந்து வேகமாக ஏற்றினால் உள்ளே காற்று விரிந்து, குடலை அமுக்கி, வயிற்றை வாய்வழியே தள்ளும். மீன் கீழே போக முடியாது. மேலே கிடந்து சாகும், அல்லது கடற்காகம் கொத்தும். அந்த அளவுப் பெட்டைமீன் ஒன்றின் வயிற்றில் ஒரு லட்சத்தை ஒட்டிய முட்டை வரும். 35 முதல் 50 சென்ரிமீற்றர் மீனை மட்டும் வைத்திருக்கலாம் என்ற அளவு விதி அவளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. முதல் மீன் ஊதி வந்தபோதே இடத்தை விட்டிருக்க வேண்டும், இரண்டாவதுக்குத் தூண்டில் போட்டிருக்கக் கூடாது. வைத்திருக்க முடியாத அளவு மீன் ஓடும் இடத்தில் 25 அடிக்குக் கீழே பிடிப்பதே தவறு. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், ஈரலைக் குத்திவிடுவீர்கள். பக்கத்து ஸ்கூகொக் ஏரியில் 2016-இல் பிக்கரல் பிடிப்பதற்கே தடை போட்டார்கள். மீன் தீர்ந்துபோகும் என்பது கவார்த்தாவில் வெறும் பேச்சு இல்லை.

குளிர்ந்த தண்ணீரில் ஒரு நன்மை இருக்கிறது. ஆழமில்லாத இடத்தில் பிடித்து விடும் மீன், 25 பாகைத் தண்ணீரைவிட 18-இல் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதைப் பயன்படுத்துங்கள்.

அப்பாவைக் குளிரில் காலை ஆறு மணிக்குக் கூட்டிப்போகத் தேவையில்லை. பின்னேரம் ஆறரைக்குப் போங்கள், இருட்டிய பிறகு அரைமணி நில்லுங்கள். படகு விளக்கு எரியட்டும். உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் அல்ல, அவர் உடம்பில் இருக்க வேண்டும். 18 பாகைத் தண்ணீரில் விழுந்த வயதானவருக்கு அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை வராது. அவருக்கு இழுப்பு வேலை வேண்டாம். செடி விளிம்பில் நங்கூரம் போட்டு, தங்கூசி ஊடே ஓடும் மிதவை ஒன்று கட்டிக்கொடுங்கள். அட்டை செடியின் தலைக்கு ஓர் அடி மேலே நிற்கும்படி, மிதவையைத் தடுத்து நிறுத்தும் நூல்முடிச்சை நகர்த்துங்கள். ஆறாம் இலக்க முள், தங்கூசியில் நசுக்கிப் பொருத்தும் பிளவு ஈயம் ஒன்று. அட்டையை அகலமான உறிஞ்சிப் பக்கம் குத்துங்கள். மிதவை அமிழ்ந்ததும் தளர்ந்த தங்கூசியைச் சுற்றி எடுத்து, உடனே தூக்கச் சொல்லுங்கள். நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். அப்படிப் போனால் பிடுங்காதீர்கள், தங்கூசியை வாயோரத்தில் நறுக்கி விடுங்கள்.