சோளக்கதிருக்கும் கால் ஆணிக்கும் என்ன சம்பந்தம்? பழைய அமெரிக்க விளம்பரப் படத்துல ரெண்டும் ஏன் ஒண்ணா வருது?

பாதத்துல கட்டு போட்டுக்கிட்டு நொண்டுற சோளக்கதிர் மனுஷன் படம் பார்த்தேன், ஜோக் பிடிபடலன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு இது பிடிபட்டது மெடிக்கல் ஷாப் போயிட்டு வந்த அன்னிக்குத்தான். சுண்டு விரல்ல ஆணி வந்து கால் ஊன முடியாம போய் காட்டினா "கார்ன் கேப் ஒட்டுங்க சார்"னு ஒண்ணு குடுத்தார், வீட்ல வந்து பேரைச் சொன்னதும் அம்மா "ஏன்டா, பீச்ல வேகவெச்சு விக்கிறானே அந்த கார்னா, அதையா கால்ல கட்டப்போற?"ன்னாங்க. மொத்த ஜோக்கும் அவ்வளவுதாங்க.

இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் பேர் கார்ன், ஆனா சொந்தக்காரங்க இல்ல. தானியத்தோட கார்ன் பழைய ஜெர்மானியச் சொல், விதைன்னு அர்த்தம். கால்ல வர்ற கார்ன் லத்தீன்ல கொம்புன்னு அர்த்தம் வர்ற கோர்னு, பிரெஞ்சு வழியா வந்தது. தோல் கெட்டியாகி கொம்பு மாதிரி ஆயிடுதுல்ல, அதனால. இன்னொரு கூத்து, கதிருக்கு அவங்க சொல்ற இயர், காதுக்குச் சொல்ற இயர், இதுவும் வேற வேற வேர்ச்சொல்தான். ஒரே செடியில ரெண்டு சிலேடை கிடைச்சா கார்ட்டூன் போடுறவன் விடுவானா?

1870கள்ல இருந்து 1890கள் வரைக்கும் அமெரிக்காவுல கல்லச்சு கலர் பிரிண்டிங் மலிவாகி, சோப்பு, நூல்கண்டு, மருந்துன்னு எல்லாத்துக்கும் கடையில கலர் விளம்பர அட்டை இலவசமா குடுத்தாங்க, ஜனங்க அதை ஆல்பத்துல ஒட்டி சேர்த்து வெச்சாங்க. காய்கறிக்கு கை கால் மூஞ்சி வெச்சு வரையறது அந்த அட்டைகள்ல ரொம்ப சகஜம். அப்புறம் போஸ்ட்கார்டு காலம். கன்சாஸ் மாநிலம் ஒட்டாவா ஊர்ல டபிள்யூ. ஹெச். மார்ட்டின்னு ஒரு போட்டோகிராபர், 1908 வாக்குல போட்டோவை வெட்டி ஒட்டி, ஒரே கதிர் ஒரு வண்டி நீளத்துக்கு இருக்கிற மாதிரி கார்டு போட்டு வித்தார். எனக்குப் பிடிச்சது இதுதான், ஏன்னா வயல்ல இருந்தா அது ஊருக்கே பெருமை, அதே பேர் விரல்ல வந்தா கேலி.

கால் ஆணி அப்போ அவ்ளோ பேருக்கு இருந்ததுக்கு ஷூவும் காரணம். 19ஆம் நூற்றாண்டோட பாதி வரைக்கும் இடது வலது வித்தியாசமே இல்லாத நேர் ஷூ நிறைய பேர் போட்டாங்க, பின்னாடி கூர் மூக்கு ஃபேஷன் வேற. அழுத்துற இடத்துல தோல் தடிச்சு, நடுவுல ஒரு கூர் உள்ள இறங்கும். (என்னுதும் அந்த கார்ன் கேப் பட்டையால முழுசா போகல, ஷூவை மாத்தினப்புறம்தான் போச்சு. பட்டையில இருக்கிறது தோலைக் கரைக்கிற சாலிசிலிக் ஆசிட், சுகர் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம ஒட்டாதீங்க.)

அந்தப் படத்தை ஜெர்மன்ல மாத்தினா ஜோக் செத்துடும், அவங்களுக்கு அது கோழிக்கண்ணு. மலாய்ல மீன்கண்ணு. நாம ஆணிங்கிறோம், டாக்டருங்க எழுதுற கிளாவஸ்ங்கிற லத்தீன் சொல்லுக்கும் அர்த்தம் ஆணிதான். நம்ம ஊர்ல அந்த அட்டை அடிச்சிருந்தா சோளக்கதிருக்கு வேலையே இல்ல, குறடும் கையுமா ஒரு ஆசாரி வந்து நின்னிருப்பார்.