சார்ஜ்மேன் பதில்கள்: பஞ்சர் ஒட்டிய மறுநாள்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பாவுக்கு 68 வயது. தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு மின்சைக்கிளில்தான் போய் வருவார். 36 வோல்ட் பேட்டரி, பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். இரண்டு வாரமாகக் கைப்பிடியை முறுக்கினால் சக்கரம் 'கட் கட்' என்று உதறிவிட்டு நின்றுவிடுகிறது. காலால் உந்திவிட்டால் சில சமயம் ஓடுகிறது. பேட்டரியில் முழுச் சார்ஜ் இருக்கிறது. பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்த மறுநாள் தொடங்கிய தொல்லை இது. மோட்டார் போய்விட்டது, சக்கரத்தோடு மாற்ற 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் மகளே. உங்கள் கடிதத்தில் பஞ்சர் என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதை மூன்று முறை படித்தேன். செம்பனை ஆலையில் 31 வருஷம் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர், வேலை பார்த்தவன் நான். எது நின்றாலும் முதல் பழி மோட்டார் மேல்தான் விழும். மூடியைத் திறந்து பார்த்தால் பாதி நேரம் மோட்டார் சும்மா இருக்கும், வயர் முனை கருகிக் கிடக்கும்.

சைக்கிள் மோட்டாரில் ஒரு விசித்திரம் உண்டு. சக்கரம் சுற்றும், நடு அச்சு சுற்றாது. மொத்தம் எட்டு வயர்கள், மூன்று தடிப்பானவை, ஐந்து மெல்லியவை. எல்லாமே அந்த அச்சுக்குள் பென்சில் பருமனில் இருக்கும் துளை வழியாகத்தான் வெளியே வரவேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அதே பலத்தோடு அச்சைப் பின்னால் தள்ளும். அச்சு திரும்பாமல் இருக்கத்தான் அதன் இரண்டு பக்கத்தையும் தட்டையாகச் சீவி, ஒரு பல் வைத்த வாஷரையும் மாட்டியிருப்பார்கள். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த வாஷர் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டுவிடும். யாரும் தேடமாட்டார்கள். நட்டையும் சாதா சைக்கிள் மாதிரி இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அப்பா மேட்டில் முறுக்கியிருப்பார், அச்சு அரை சுற்று திரும்பியிருக்கும். வயரின் கதி, ஈரத்துணியைப் பிழிந்த கதிதான்.

போன மாசம் ஒரு தம்பி இப்படியே ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அச்சின் வாயில் ரப்பர் உறை லேசாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். பிளேடால் கீறினேன். உள்ளே செம்மண் தண்ணீர், செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. மெல்லிய மஞ்சள் வயர் இரண்டே இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கும் சக்கரத்தை மாற்றச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

சரி, உங்கள் அப்பா சைக்கிளுக்கு வருவோம். முதலில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து அனுப்புவது கன்ட்ரோலர் பெட்டி. மோட்டார் வயர் அதற்குள் போகும் இடத்தில் ஒரு பிளக் இருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன் ஒரு தரம், பிரித்த பிறகு ஒரு தரம் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே பல்சக்கரம் வைத்த கியர் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முன்னால் சுற்றினால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், ஒன்றும் தெரியாது. பிளக் மாட்டியிருந்தபோது சக்கரம் முரண்டு பிடித்து, பிரித்ததும் லேசாகச் சுற்றினால், குற்றவாளி கன்ட்ரோலர். பிரித்த பிறகும் முரண்டு பிடித்தால், தடிப்பு வயர்கள் அச்சு வாயிலோ மோட்டாருக்குள்ளோ ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. லேசாகச் சுற்றுகிறதா? அப்படியானால் தடிப்பு வயர்களில் இரண்டிரண்டாக முனைகளை ஒட்டிப் பிடித்துச் சுற்றுங்கள். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு இறுக்கம் தெரிந்தால் மோட்டார் சுருள் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு வயர் அறுந்திருந்தால் அது சேரும் இரண்டு ஜோடியிலும் இறுக்கமே வராது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சுருள் நன்றாகத்தான் இருக்கும், கெட்டது ஹால் சென்சார் பக்கம் என்று படுகிறது. அந்த ஐந்து மெல்லிய வயர்கள் அதற்குத்தான். காந்தம் இந்த நொடி எங்கே நிற்கிறது என்று மூன்று சென்சார்கள் கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்று வாயை மூடினாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கன்ட்ரோலர் தடுமாறும். அதுதான் அந்தக் 'கட் கட்'. உருண்டு கொண்டிருக்கும்போது சில சமயம் எப்படியோ சமாளித்துக்கொள்ளும்.

இதைச் சோதிக்க வோல்ட் அளக்கும் ஒரு மல்ட்டிமீட்டர் வேண்டும். பிளக்கை மறுபடி மாட்டுங்கள், மாட்டாமல் அளந்தால் ஒன்றும் காட்டாது. பேட்டரியைப் போட்டு ஆன் செய்யுங்கள், கைப்பிடியைத் தொடாதீர்கள். மெல்லிய சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 வோல்ட் இருக்க வேண்டும். அப்புறம் கறுப்பிலேயே ஒரு முனையை வைத்துக்கொண்டு மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்ல மெல்ல நகர்த்துங்கள். மீட்டர் 0 பக்கமும் 5 பக்கமும் மாறி மாறித் தாவ வேண்டும். தாவாமல் ஒரே இடத்தில் நிற்கும் வயர்தான் ஆள். 5 வோல்ட்டே வரவில்லை, மோட்டார் பிளக்கைப் பிரித்ததும் வருகிறது என்றால் மோட்டார் பக்கத்து வயரில் ஷார்ட். எல்லா வயரையும் ஒரே உருண்டைப் பிளக்கில் அடக்கியிருந்தால் மீட்டர் முனை வைக்க இடம் இருக்காது, அதைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

அதுவரைக்கும் அப்பாவை முறுக்கிப் பார்க்க விடாதீர்கள். பிழிந்த வயருக்குள் 36 வோல்ட் போகும் தடிப்பு வயர், 5 வோல்ட் வயரைத் தொட்டால் சென்சார் மூன்றும் போய், கன்ட்ரோலரும் சேர்ந்து போகலாம். அப்போது 650 வெள்ளியும் பற்றாது.

வயர் வெளியே அறுந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டி, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாகச் சூட்டில் சுருங்கும் உறை போட்டுவிடலாம். அச்சுக்குள் அறுந்திருந்தால் பக்க மூடியைத் திறந்து புது வயர் இழுக்க வேண்டும். சென்சாரே போயிருந்தால் மூன்று கால் உள்ள சின்னப் பொருள்தான், விலையும் சில்லறைதான். மாற்றும் கை நிதானமானதாக இருக்க வேண்டும். எழுத்து உள்ள முகம் பழையது பார்த்த பக்கமே பார்க்க வேண்டும். சென்சாரே இல்லாமல் ஓட்டும் கன்ட்ரோலரும் விற்கிறார்கள். ஆனால் நின்ற இடத்திலிருந்து இரண்டு மிதி மிதித்துத்தான் கிளம்பச் சொல்லும். 68 வயது முழங்காலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாட்டும்போது அந்தப் பல் வாஷர் இருக்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். 'டோர்க் ஆர்ம்' என்று ஒரு இரும்புத் தகடு கிடைக்கும், அச்சைச் சைக்கிள் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும், அதையும் போட்டுவிடுங்கள். வயர் அச்சை விட்டு வெளியே வந்ததும் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது.

கேள்வி: மழையில் நனைந்த பிறகு டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் அசையவே இல்லை. உதறல் கூட இல்லை.
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: தம்பி, சக்கரத்தைத் தொடாதீர்கள். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்த இரண்டு பிரேக் பிடியிலும் சுவிட்ச் இருக்கும். அதில் தண்ணீர் புகுந்தால், பிரேக் பிடித்தபடியே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, அந்தப் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முறுக்கிப் பாருங்கள். எதைப் பிரித்ததும் ஓடுகிறதோ, அந்தப் பிடியைக் காயவையுங்கள், காய்ந்தும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

கேள்வி: அண்ணே, மோட்டார் உள்ளே 'கரகர' என்று சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் நகரவில்லை. பின்னால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) கட்டிக்கொண்டு மேடு ஏறும்போது நடந்தது.
வாசகர், பீடோர்

பதில்: 14 கிலோ கேஸ், அதோடு தோம்பின் இரும்பு எடை, அதற்கு மேல் நீங்கள்! உள்ளே மூன்று நைலான் பல்சக்கரம் இருக்கும், அதன் பல் மழுங்கிவிட்டது. இந்தக் கரகரப்பு இல்லாமல் வழுக்கியிருந்தால் கிளட்ச் என்று சொல்லியிருப்பேன். மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூளாகக் கிடக்கும். மூன்றையும் சேர்த்து ஒரே செட்டாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் அதைத் தின்றுவிடும். பல் எண்ணிக்கையும் விட்டமும் அளந்துகொண்டு போய் வாங்குங்கள், பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதுசு வையுங்கள். கேஸ் தோம்பை இனிமேல் கடைக்காரர் லோரியிலேயே வரச்சொல்லுங்கள்.