பார்கின்சன் மாத்திரை சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. டோஸை நாங்களே கூட்டலாமா?

கூட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை லெவோடோபா மாத்திரை, ஒரு வேளையும் தவறுவதில்லை, ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் சில நாள் கால் தரையை விட்டு எழுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா மாத்திரையையும் போல இதையும் சாப்பிட்ட கையோடு கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் கொடுத்தோம். காலையில் இட்லி, உடனே மாத்திரை, மேலே ஒரு டம்ளர் பால். பால் குடித்தால் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காது என்று அம்மாவின் நம்பிக்கை.

என் அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2016-இல் நோய் தெரிந்தது. மதுரையில் பார்க்கும் நரம்பு டாக்டர்தான் ஒருநாள், "எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார், எழுதிக் கொண்டு வாங்க" என்றார். எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. லெவோடோபா என்பதே ஒரு அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, கறி எல்லாம் செரித்து அமினோ அமிலமாகத்தான் மாறுகின்றன. குடலில் உள்ளே போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவும் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். கெட்டியாகச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு, கூட இரண்டு கரண்டி சுண்டலும் தின்ற நாளில் இரண்டு மணி மாத்திரை அந்தக் கூட்டத்தில் வெளியே நின்றுவிடும். ரசம் சாதம் சாப்பிட்ட நாளில் கேட்கும். நாங்கள் ராகு காலத்தைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

அதன் பிறகு சாப்பாட்டுக்கு அரை மணி முன், இல்லையென்றால் சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்து என்று மாற்றினோம். உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு. பாதி வித்தியாசம் அதிலேயே தெரிந்தது. இதைப் படித்துவிட்டுப் பருப்பையும் பாலையும் மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் அதையும் செய்து, அப்பா எடை குறைந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது பருப்பு, முட்டையெல்லாம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டில். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். அப்படியானால் இரண்டு பிஸ்கட் போதும், பால் வேண்டாம். ரத்தம் குறைவென்று இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தால் அதையும் இதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு மணி நேர இடைவெளி சொன்னார்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள் நாமே சரி செய்துகொள்ளக்கூடியது. எனக்கு இன்றும் ஆறாதது வேறு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கும் ஒருநாள் வரலாம்.

அப்பா போடுவது சிண்டோபா 125. அதாவது லெவோடோபா 100, கார்பிடோபா 25. ஒரு மாதம் மருந்துக்கடையில் அது இல்லை. கடைப் பையன், "110 இருக்குக்கா, பதினஞ்சுதானே வித்தியாசம்" என்று கொடுத்தான். நானும் வாங்கி வந்தேன். அந்தப் பதினைந்தும் கார்பிடோபாவில் போகிறது என்று எனக்குத் தெரியாது. 110 என்றால் 100-உம் 10-உம். 275 என்றால் 250-உம் 25-உம். அட்டையில் இருக்கும் எண் இரண்டின் கூட்டல். கார்பிடோபாதான் லெவோடோபாவை மூளைக்குப் போய்ச் சேரும்வரை வழியில் கரைந்துவிடாமல் காப்பது, குமட்டலைக் குறைப்பதும் அதுதான். நாலாம் நாள் அப்பாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. மாத்திரை மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அந்த யோசனையே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்திக்கு ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது, நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பது சரியில்லை, தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது. புரண்டு படுக்க முடியவில்லை. கை மார்பின் மேல் மடங்கியபடியே இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், ஈரக் கயிற்று முடிச்சு மாதிரி இறுகியிருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு மணி மாத்திரையைக் கேட்டேன். கொண்டு வந்த மருந்தையெல்லாம் சேர்க்கும்போதே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒன்பது மணி ரவுண்டுல எல்லாருக்கும் குடுப்போம்க்கா" என்றார் சிஸ்டர். நான் மேசையில் இருந்த தட்டில் உடைத்துப் போட்டிருந்த ஆம்ப்யூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மெட்டோகுளோபிரமைடு. இரவு ஒன்று, மூன்று மணிக்கு இன்னொன்று. நரம்பு டாக்டருக்குப் போன் போட்டு அந்தப் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "அதை உடனே நிறுத்தச் சொல்லும்மா, டியூட்டி டாக்டர்கிட்ட போனைக் குடு" என்றார்.

பார்கின்சன் வந்தவருக்கு, உடம்பின் அசைவை நடத்தும் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் குறைவு. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த ஊசி மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். கொஞ்சநஞ்சம் இருப்பதும் பயனில்லாமல் போகும். டொம்பெரிடோன் என்றால் மூளைக்குள் அதிகம் போகாது, அதனால் இதயத்தைப் பார்த்துவிட்டு அதைக் கொடுப்பார்கள். அதே வாந்திக்கு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், வயதானவர் ராத்திரி உளறினால் போடும் ஹாலோபெரிடால், தலைசுற்றல் என்றதும் எழுதும் சின்னரிசின், புளூனரிசின், இவையும் இவர்களுக்கு ஆகாது. அப்பா ரசாஜிலின் என்ற இன்னொரு பார்கின்சன் மாத்திரையும் போடுவதால் டிரமடால் வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் சிரப்பும் கூடாது. இதை ஒரு சீட்டில் எழுதி, மேலே அவர் மருந்தின் பேர், அளவு, நேரம் எல்லாம் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். சட்டை மாற்றும்போது சீட்டும் மாறும்.

அப்பா பழைய நிலைக்கு வர மூன்று நாள் ஆனது.

யாராவது வந்து, "டாக்டருக்கே பாடம் நடத்துகிறாயா" என்று எழுதலாம். நான் டாக்டர் இல்லை. அந்த சிஸ்டரைக் குறை சொல்லவும் இல்லை, ஒற்றை ஆளாக இருபது கட்டில் பார்த்தவர். வாந்திக்கு அந்த ஊசி எல்லா ஊரிலும் போடுவதுதான். ஆனால் லெவோடோபா உடம்பில் நிற்பது சில மணி நேரம்தான். ஆறு மணி மாத்திரை ஒன்பதுக்கு வந்தால் மூன்று மணி நேரம் ஒரு மனிதர் கட்டையாகக் கிடப்பார். பிரிட்டனில் பார்கின்சன்ஸ் யூகே என்ற அமைப்பு, ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிஷத்துக்குள் மாத்திரை கிடைக்க வேண்டும் என்று தனி இயக்கமே நடத்துகிறது. இங்கே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். சேர்க்கும்போதே, "இந்த மாத்திரை மட்டும் எங்கள் கையில் இருக்கட்டும், இன்னின்ன நேரத்தில் நாங்கள் கொடுக்கிறோம், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்பார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் இந்த மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் உண்டா என்று முன்னமே கேளுங்கள். திடீரென்று அடியோடு நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், நினைவு தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாட்டு மருந்துக்கடைப் பூனைக்காலிப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கும் இதுதான் சொல்வேன். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. ஒரு கரண்டியில் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடி உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கும். டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மருந்துக்குச் சம்பந்தமில்லை. இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பென்ஷன் எடுக்கப் போன வங்கியில் அப்பாவின் கையெழுத்து பழைய அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, வரிசையில் இத்தனை பேர் பார்க்க, "பெரியவரே, ஒழுங்காப் போடுங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். நாற்பது வருஷம் கம்பத்தில் ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த கை அது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவே இல்லை. கையெழுத்துப் போட முடியாதவர், இரண்டு சாட்சி முன்னால், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. அந்தக் கவுன்டரில் ஒருவரும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளையிலிருந்து ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு நடை இலகுவானது, எத்தனை மணிக்குக் கால் ஒட்டியது, உட்கார்ந்து எழும்போது தலை சுற்றியதா. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், வலி மாத்திரை, சிரப் உட்பட, ஒரு பையில் போட்டு நோட்டோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். நேரத்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவதா என்று அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். மாறினால் ஒன்று, அந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் அதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.