பாட்டியின் படத்திறப்பில் பேசச் சொல்கிறார்கள், 90 வயது வாழ்ந்தவரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது?

உங்களுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சங்கத் தலைவர் என்று நான்கைந்து பேராவது பேசியிருப்பார்கள். குடும்ப விளக்கு, பொறுமையின் சிகரம் எல்லாம் அவர்கள் வாயிலேயே தீர்ந்துவிடும். உங்கள் பாட்டி செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு அதை முழுசாகச் சொல்லுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆயாவின் படத்தைத் திறந்தபோது நான் அப்படித்தான் பேசினேன். அவர் அம்மாவைப் பெற்றவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, கடைசிக் காலத்தில்தான் எங்களோடு வந்து இருந்தார். பொறுமை என்று ஒன்று அவரிடம் கிடையாது. வியாபாரியின் தராசில் சந்தேகம் வந்தால் மடியிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துத் தட்டில் வைத்துவிடுவார். அதற்காகவே அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

நான் பேசியது "தானே" புயலைப் பற்றி. 2011 டிசம்பர் 30, விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. ஆயா தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சவுக்கு போட்டால் நாலு வருடத்தில் வெட்டிக் காசு பார்க்கலாம் என்றார் மாமா. அது தப்பான யோசனை என்று நான் சொல்லவில்லை, எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் செய்வதுதான். ஆனால் ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டிய மனுஷி, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிவரச் சொல்லி நட்டார். முதல் கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். "காய்க்கும்போது நீ இருப்பியா?" என்று மாமா கேட்டதற்கு, "நான் இல்லன்னா நீ முந்திரி பொறுக்க மாட்டியா?" என்று கேட்டார்.

இருந்தார். காய்த்த கொட்டையை வறுத்து, கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு தானே உடைத்தார். சாம்பல் தடவினாலும் தோட்டு எண்ணெய் விரலைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். அந்தக் கையோடு பருப்பைப் பொட்டலம் கட்டிக் கடலூருக்குக் கொடுத்தனுப்புவார். இதைச் சொன்னபோது பந்தலில் பின்வரிசைப் பெண்கள்தான் முதலில் அழுதார்கள். அவர்கள் கையும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. கருமாதிப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பாருங்கள். எங்கள் வீட்டுப் பத்திரிகையில் வயது 96. நேரு 1957-ல் வந்து நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தபோது தலைச்சன் பிள்ளையான என் அம்மா கைக்குழந்தை என்று ஆயாவே சொல்வார். கணக்குப் போட்டால் 90 எட்டுவதே சந்தேகம். சரி, அது போகட்டும். மகன்கள், மருமகள்கள், அவர்கள் சம்பந்திகள் வரைக்கும் பெயர் போட்டுவிட்டு, கடைசி வருடங்களில் ஆயாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய என் அம்மாவை "மற்றும் மகள்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வாசலில் வைத்த பேனரிலும் அதே கதை. சொத்துக்காகப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். தோப்பு மாமாக்கள் பெயரில்தான் இருக்கிறது, அம்மா கேட்டதும் இல்லை. நான் கேட்பது பெயரை மட்டும்தான். அறுபது வயதைத் தாண்டியவர் தன் அம்மாவின் கருமாதிப் பத்திரிகையில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பேசும்போது அதையும் சேர்த்து, "என் அம்மா" என்று சொல்லாமல் அம்மாவின் முழுப் பெயரையும் மைக்கில் சொன்னேன். பெரிய மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்குக் கோபம் பெயரைச் சொன்னதற்கா, சவுக்கு விஷயத்துக்கா, தெரியவில்லை.

உங்கள் கதையிலும் அப்படி ஒரு மாமா வந்தால் "வீட்டில் சிலர்" என்று சொல்லித் தாண்டிவிடுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், அதற்குள் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிடுவார்கள்.