கடைசி எட்டு யூனிட்: கரண்ட் பில் கேள்வி பதில்

கொழும்பில் 26 வருஷமாக வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். எந்தச் சாமான் வாங்கினால் பில் குறையும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் முதலில் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறவன். அதைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

தெஹிவளை: அண்ணா, வீட்டில் நானும் அம்மாவும்தான். ஏசி இல்லை, பல்ப் எல்லாம் எல்இடி. ஆனாலும் போன மாதம் 128 யூனிட். எங்கே போகிறது?

தங்கச்சி, 128இல் எனக்கு உறுத்துவது கடைசி எட்டு யூனிட்தான். வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிபடியாக ஏறுகிறது. ஒரு படி தாண்டினால் அதற்கு மேலான யூனிட்டின் விலை மட்டுமல்ல, மாதாந்த நிலையான கட்டணமும் கூடிவிடும். 60ஐத் தாண்டுகிறவர்களுக்கு முதல் 60 யூனிட்டின் விலையே மாறும். அதனால் நீங்கள் 128ஐ 64 ஆக்க வேண்டாம், 120க்குக் கீழே இறக்கினாலே வித்தியாசம் தெரியும். மீட்டர் பார்ப்பவர் 33 நாள் கழித்து வந்தாரே என்று பயப்படவும் வேண்டாம். நாள் கூடினால் படிகளின் அளவும் அதற்கேற்பக் கூடும்.

சரி, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜின் பிளக்கையும் கழற்றுங்கள். மெயின் சுவிட்ச் மட்டும் இருக்கட்டும். டோர்ச்சோடு போய் மீட்டரைப் பாருங்கள். ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் சிமிட்டும். முகப்பில் 1600 என்று போட்டிருந்தால், 1600 தரம் சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். எல்லாம் நிறுத்தியும் சிமிட்டுகிறதா? பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது நிற்கிறதோ, அந்த லைனில்தான் கள்ளன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளவத்தை: மரைன் டிரைவ் பக்கம், ஐந்தாம் மாடி. ஏசியை 18இல் போட்டாலும் அறை குளிரவில்லை, பில் மட்டும் ஏறுகிறது. புது ஏசி வாங்கவா?

பொறுங்கள் ஐயா. 18இல் போட்டால் ஏசி வேகமாகக் குளிராக்காது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26இல் வைத்து சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். காற்று பட்டால் உடம்புக்கு 24 மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் முதலில் பார்ப்பது வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியை. கடலோரத்தில் உப்புக் காற்று அதன் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். வெள்ளவத்தையில் நான் திறந்து பார்த்த சிலவற்றில் விரலால் தொட்டதும் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. தகடு கெட்டால் சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் கிடந்து உழைக்கும். பிரேக்கரை இறக்கிவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஐந்தாம் மாடியில் எட்டிக் கழுவப் போகாதீர்கள், ஏசி திருத்துகிற பாஸைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் நீங்களே கழுவலாம்.

அப்புறம் யன்னல். கடல் தெரியும் யன்னல் என்றால் மேற்குப் பக்கம். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்தக் காட்சிதான் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் அடுப்பாகிறது. திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கும். கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டியோ கான்வஸோ தொங்கவிட முடிந்தால் அதற்கு ஈடில்லை. தொடர்மாடி நிர்வாகம் விட வேண்டும், அது உங்கள் சாமர்த்தியம்.

மட்டக்குளி: அஸ்பெஸ்டஸ் கூரை. மத்தியானம் அறைக்குள் இருக்க முடியாது. இரண்டு ஃபேன் ஓடுகிறது.

கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், கீழே சீலிங். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் பெயின்ட். ஒரு எச்சரிக்கை: பெயின்ட்டுக்கு முன் சீட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. ஃபேனைப் பொறுத்தவரை, பழையது 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்று எழுதியிருப்பது 30 வாட் அளவில் முடியும். நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 13 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் ஃபேனை மட்டும் மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை: அனெக்ஸில், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதியில், இருக்கிறோம். வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். நாங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் விலை இறங்கவில்லை.

இறங்காது தம்பி. மீட்டர் ஒன்று, குடும்பம் இரண்டு. நீங்கள் 60, அவர் 150 என்றால் பில்லுக்கு அது 210. இரண்டு பேரும் சேர்ந்து 180ஐத் தாண்டிய மேல் படியில் நிற்கிறீர்கள். தனி மீட்டர் இருந்தால் நீங்கள் கீழ்ப் படியிலேயே நின்றிருப்பீர்கள். தனி இணைப்பு எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மாட்டேன் என்றால், அந்த மாதப் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்து, யூனிட் விகிதத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். நானும் அனெக்ஸில் இருந்த காலத்தில் கேட்க வெட்கப்பட்டு இரண்டு வருஷம் சொன்ன விலையைக் கட்டினேன்.

பம்பலப்பிட்டி: இரவு 10.30க்குப் பிறகு உடுப்பு மெஷின் போட்டால் மலிவாமே?

நேர அடிப்படைக் கட்டணத்துக்கு விண்ணப்பித்து மாறியவர்களுக்கு மட்டும். சாதாரண வீட்டு மீட்டருக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். மாறினால் மாலை 6.30இலிருந்து 10.30 வரை விலை கூட, யோசித்துச் செய்யுங்கள்.

வத்தளை: ஃப்ரிட்ஜை இரவில் நிறுத்தி வைத்தால்?

வேண்டாம் அக்கா. இரவில் ஏறிய சூட்டை விடிய எழும்பி இறக்கத்தான் போகிறது, இடையில் மீன் பழுதாகும். ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா வழுகி வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

தெமட்டகொடை: 2022இல் மின்வெட்டுக்கு வாங்கிய இன்வெர்ட்டரும் பெட்டரியும் இன்னும் பிளக்கிலேயே இருக்கிறது. அது கரண்ட் குடிக்குமா?

குடிக்கும். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை, அதனால் கழற்ற மனம் வராது. சும்மா நிற்கும்போது 20 வாட் எடுத்தாலும் மாதம் 14 யூனிட். பெட்டரி செத்திருந்தால் பயனும் இல்லை, செலவு மட்டும் நிற்கும்.

தெஹிவளை, மறுபடியும்: அண்ணா, பார்த்தேன். முதலில் சிமிட்டவே இல்லை. திரும்பி வரும்போது திடீரென்று இரண்டு விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டத் தொடங்கியது. தண்ணி மோட்டர் தானாக ஓடுகிறது! இரவு 11 மணி, ஒரு பைப்பும் திறக்கவில்லை.

அந்த வேகம் என்றால் ஒரு குதிரைவலு மோட்டர், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். மோட்டர் தானாக ஓடுகிறது என்றால் மேல் டாங்கில் தண்ணி குறைகிறது. ஒரு பைப்பும் திறக்காமல் அது வடிகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டொய்லட் சிஸ்டனை, அதாவது ஃப்ளஷ் தண்ணி நிற்கும் பெட்டியை. கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரிங்கை அதில் நாலு சொட்டு விட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் கால் மணித்தியாலம் இருங்கள். கீழே கோப்பையில் சிவப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. அதை ஹார்ட்வெயார் கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம். நாளைக்கு அரை மணித்தியாலம் மோட்டர் குறைந்தால் மாதம் 15 யூனிட், 128 என்பது 113. தண்ணி பில்லையும் எடுத்து வையுங்கள், அதுவும் படிதான்.